காஜா பேராங்குக்கு இலவச மருந்து வந்தபோது

மருந்து கலக்குகிறவனுக்குக் கையால் ஒரு வேலை என்றால் காதால் ஒன்பது வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், மலாக்கா காஜா பேராங்கில் ஒரு தமிழ் டாக்டரின் கிளினிக்கில் நான் டிரஸ்ஸர். பெயர் கூப்பிடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலந்து கொடுப்பது எல்லாம் நான்தான். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவன். டாக்டரின் பழைய புத்தகங்களைப் புரட்டியும் அவர் செய்வதைப் பார்த்தும் கற்றுக்கொண்டேன், சான்றிதழ் கிடையாது. அப்போதுதான் இரண்டு தெரு தள்ளி அரசாங்கம் இலவச கிளினிக் திறக்கப்போகிறது என்ற செய்தி வந்தது. கூட்டம் அங்கே போய்விட்டால் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோடு சேர்ந்துகொள்வதாக டாக்டர் சொல்லிவிட்டார். அவர் போனால், சான்றிதழ் இல்லாத என்னை அரசாங்கம் எடுக்காது. ஊரே சந்தோஷப்பட்ட செய்திக்கு நான் மட்டும் வேறு வேலை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

பெஞ்சில் ஒரு பார்லிமெண்ட்

எங்கள் பெஞ்சில் இரண்டு நிரந்தர உறுப்பினர்கள். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாய்க்கு மூட்டுவலி. பஸ் கண்டக்டரும் தொழிற்சங்கக்காரருமான மணியத்துக்கு நெஞ்செரிச்சல். செய்தி வந்த நாளே சண்டை ஆரம்பமாகிவிட்டது.

"சும்மா கொடுக்கிற மருந்து கேக்குமா தம்பி? நான் துணியைச் சும்மா கொடுத்தா நீ இடுப்புல கட்டுவியா, பஸ் துடைப்பியா?" என்றார் பாய். "துணி இல்லாட்டி வெட்கம், மருந்து இல்லாட்டி உசுரு. உசுருக்கு லாபம் வைக்கலாமா பாய்?" என்றார் மணியம். "லாபம் இல்லாம டாக்டர் எதைச் சாப்பிடுவாரு?" "சர்க்கார் சம்பளம் கொடுக்கும்." "யார் காசுல? என் வரியிலதானே லா!" பல்வலியோடு வந்திருந்த ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடியே மணியம் பக்கம் தலையாட்டினார். காய்ச்சல்காரர் எழுந்து பாயின் பக்கம் போய் உட்கார்ந்தார். சத்தம் கேட்டு டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இதுல யாருக்கு வியாதி முத்தியிருக்கோ அவர் முதல்ல உள்ளே வரலாம்."

கிச்சாப் பாட்டில்

அந்தக் காலத்தில் மருந்துக்கு வருகிறவர்கள் பாட்டிலும் கொண்டுவருவார்கள். சர்பத் பாட்டில், சமையலுக்கு ஊற்றும் கறுப்புச் சோயாச் சாறான கிச்சாப் பாட்டில், பிராந்தி பாட்டில், தலைக்கு வைக்கும் எண்ணெய் பாட்டில் எல்லாவற்றிலும் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் சுகாதார இலாகா அதிகாரி வந்தார். அவர் நேராக உள்ளே நுழையப் பார்த்ததும், வரிசையைத் தாண்டுகிறார் என்று நினைத்து பெஞ்சே சேர்ந்து அவரைக் கடைசியில் உட்கார வைத்துவிட்டது. முறை வந்த பிறகுதான் அவர் யாரென்று தெரிந்தது. இனிமேல் கிளினிக்கின் சுத்தமான பாட்டிலில், பெயர் எழுதி ஒட்டித்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

காதர் பாய் கொதித்துவிட்டார். "என் பாட்டில், என் மருந்து, என் வயிறு. நடுவுல சர்க்காருக்கு என்ன வேலை?" மணியம் விடவில்லை. "போன வாரம் உங்க வீட்ல இருமல் மருந்தைக் கிச்சாப்புன்னு நினைச்சு மீகோரெங் நூடுல்ஸ்ல ஊத்திப் பிரட்டினாங்களே, அதுக்குத்தான் பாய் இந்தச் சட்டம்!" பெஞ்சு குலுங்கிச் சிரித்தது, அதிகாரியும் சிரித்துவிட்டார். பாய் மட்டும் அசரவில்லை.

"அன்னைக்கு என் வீட்ல ஒருத்தருக்காவது இருமல் வந்துச்சா, அதைச் சொல்லு!"

வெள்ளை மருந்து

இலவச கிளினிக் திறந்தது. எங்கள் பெஞ்சு காலியாகிவிட்டது. நான் துடைத்த பாட்டில்களையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதக் காகிதம் கேட்டார். இருந்ததிலேயே சின்னத் தாளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து, தமிழ் மறந்து பல தலைமுறையான மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மாள் ஒருவர் வந்தார். தினமும் பிள்ளையாரைக் கும்பிடுவார், ஆனால் பேச்செல்லாம் மலாய்தான். இலவச கிளினிக்கின் மருந்தைக் கவுண்டரில் வைத்து, இதைச் சிவப்பாக்கித் தா என்றார். நாங்கள் சிவப்பு மருந்து கொடுத்துப் பழக்கியிருந்தோம். வெள்ளை அவருக்கு மருந்தாகவே தெரியவில்லை. மருந்து ஒன்றுதான், நிறத்தில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் மன்றாடினேன். உள்ளே டாக்டர் காகிதத்தை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சுதந்திரம் வந்தும் மருந்து இன்னும் வெள்ளையாகவே இருக்கிறதே என்பது அம்மாளின் புகார்.

"மெர்டேக்கா சூடா, ஊபாட் மாசே பூத்தே லா!"

கட்சி மாறியவர்கள்

சில வாரம் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் மணியம் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். குழந்தைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இலவச கிளினிக்கை நாலு மணிக்கே பூட்டிவிடுகிறார்களாம். பகலில் போனால் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் சம்பளம் போய்விடுகிறது என்றார். டாக்டர் ஊசி போட்டு, நெற்றிக்கு ஈரத்துணி வைத்து, காய்ச்சல் இறங்கும்வரை கூடவே இருந்தார். குழந்தை கண் திறந்து பிஸ்கட் கேட்ட பிறகுதான் மணியத்துக்குப் பழைய குறும்பு வந்தது. "அங்க தினம் வரிசையில முதல் ஆளு யாரு தெரியுமா? நம்ம பாய்தான்!"

மறுநாள் பாய் எங்கள் கிளினிக் பக்கமாகப் போனபோது நான் மெல்லக் கேட்டேன். மனிதர் கொஞ்சமும் கூசவில்லை.

"வரி கட்டுறவன் நான், வரிசையில மத்தவன் மட்டும் நிக்கணுமா?"

சாயங்கால வைத்தியம்

மணியத்தின் பேச்சு டாக்டரின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கண்டக்டர்களும் கடைச் சிப்பந்திகளும் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு எங்கள் கிளினிக்கை மாற்றினார். பகல் அரசாங்கத்துக்கு, சாயங்காலம் எங்களுக்கு. பெஞ்சு மறுபடி நிரம்பியது. பாயும் வந்தார்; பகலில் வாங்கிய வெள்ளை மருந்து சரிதானா என்று விசாரிக்க. சிங்கப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது.

வேலை தப்பித்தது, இனி மதியத்துக்கு மேல் போனால் போதும் என்று வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். பிள்ளையாருக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ காலையிலெல்லாம் நீங்க வீட்லதானா? அதுக்குச் சர்க்கார் ஏதாவது மருந்து கொடுக்குதா?"

வைத்தியத்தை அரசாங்கம் நடத்த வேண்டுமா முதலாளி நடத்த வேண்டுமா என்று இன்றும் விவாதிக்கிறவர்களிடம், காய்ச்சல் எத்தனை மணிக்கு வருகிறது என்று மட்டும் விசாரித்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.