திருப்பினால் அலறும் பைக்

முதுகுவலி தாங்காமல் இன்று பைக்கின் ஹேண்டிலை உயர்த்திக்கொண்டேன். ஹேண்டிலுக்கு அடியில் இரண்டு அலுமினியத் துண்டுகள், ரைசர் என்பார்கள். உக்குவளை ரியாஸ் நானாவின் கராஜில் அரை மணி நேர வேலை. ஏறி உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருந்தது.

நானாவின் முகம்தான் சரியில்லை.

"எக்ஸலேட்டர் கேபிள் இழுபடுது சேர். நீளமான கேபிள் கண்டியில இருந்து வர நாலு நாள் ஆகும். எந்தப் பக்கம் ஓடுறீங்க?"

"லக்கல. நாளைக்குக் காலையில வயல் பாக்கப் போகணும்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ரோட்டுல ஆனை நின்னா என்ன செய்வீங்க?"

"எல்லாரும் செய்றதுதான் நானா. ஹோர்ன் அடிக்காம, ரேஸ் பண்ணாம, மெதுவாத் திருப்பிக்கிட்டு வந்துருவேன்."

அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை வலப்பக்கம் கடைசிவரை திருப்பினார். எக்ஸலேட்டரில் யார் கையும் இல்லை. பைக் தானாகவே அலறியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இப்படித்தான் திரும்புவீங்க. ரைசரக் கழட்டிரவா?"

"கேபிள் வர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சற்றுமுன் எங்கள் லக்கல அலுவலகத்து விஜி ஒரு படம் அனுப்பினார். நான் நாளை போக வேண்டிய அதே ஒடுங்கிய ரோடு, நடுவில் ஒற்றைக் கொம்பன் யானை.

கீழே எழுதியிருந்தார்: "மூணு நாளா இங்கதான் நிக்குது சேர். ஒண்ணும் செய்யாது. சத்தம் கேட்டா மட்டும் வரும்."

மாத்தளையிலிருந்து லக்கலவுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். முதுகு வலித்தால் வலிக்கட்டும்.