பின்படிக்கட்டில் அடுக்கிய நெல்

பின்படிக்கட்டின் கம்பிக் கதவைப் பூட்டியவன் நான். விசாரணையில், பூட்டியது வாட்ச்மேன் என்று சொன்னவனும் நான். இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு முப்பத்தோரு வருடம் ஆயிற்று. கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். யார் எழுதி வைத்தார்கள், எதற்காக எழுதி வைத்தார்கள் என்று கேட்காமல் எந்த ஆவணத்தையும் நம்பாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லி வந்தவன். என் சாட்சியை வைத்து எழுதப்பட்ட ஒரே அரசு ஆவணம் பொய்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் சாலையில் இருந்தது எங்கள் குடியிருப்பு. தரைத்தளம், அதற்கு மேல் மூன்று மாடி. அந்தக் காலத்தில் அதுவே பெரிய உயரம். கிராமத்திலிருந்து வருகிற உறவினர்கள் மொட்டை மாடியில் ஏறி நின்று பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். முன்பக்கம் அகலமான படிக்கட்டு. பின்பக்கம், சமையலறைகளை ஒட்டி, துப்புரவுப் பணியாளர்கள் வந்துபோக ஒரு குறுகிய படிக்கட்டு. அதன் அடியில் கம்பிக் கதவு. நாங்கள் யாரும் அந்த வழியில் நடந்ததில்லை. கொல்லைப்புறம் என்றால் நமக்கு இல்லை என்று கிராமத்தில் படிந்த புத்தி, மாடி வீட்டுக்கும் கூடவே வந்திருந்தது.

எங்களில் பாதிப் பேர் நிலத்தை ஊரில் விட்டுவிட்டு உத்தியோகத்துக்கு வந்தவர்கள். அந்த வருடங்களில் ஊரில் அமைதி இல்லை. குத்தகைக்காரர்கள் எங்களுக்கு அளக்கும் வாரப் பங்கைக் குறைக்கச் சொன்னார்கள். கூலியாட்கள் களத்தில் நெல்லை அளக்க விடாமல் உட்கார்ந்தார்கள். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மாமன், மச்சான், பிறக்காத பிள்ளை பெயருக்கெல்லாம் நிலம் எழுதப்பட்டது. இது போதாதென்று லெவி. வீட்டிலிருக்கும் நெல்லில் ஒரு பங்கை அரசாங்கம் தன் விலைக்கு எடுத்துக்கொள்ளும். பத்தாயத்தைத் திறந்து பார்க்க ஆள் வருவார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை அப்போது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். சர்க்கார் கட்டிய கட்டடத்தில், கல்லூரி ஆசிரியர் குடியிருக்கும் இடத்தில், எந்த அதிகாரி நெல் தேடப்போகிறான்? ஒரு விடியற்காலையில் இரண்டு மாட்டுவண்டி மூட்டைகளைக் கொண்டுவந்து பின்படிக்கட்டில் அடுக்கினேன். கீழே கதவிலிருந்து முதல் மாடித் திருப்பம் வரை, ஓர் ஆள் ஒருக்களித்து ஏறும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு. கதவின் உட்புறத்திலும் நாலு மூட்டையைச் சாத்தி வைத்தேன். வெளியிலிருந்து திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் போட்டேன். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் நான்தான், கேட்க ஆளில்லை. சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அந்தப் படிக்கட்டில் என் மூட்டை மட்டும் இல்லை. ஆளுக்கு ஐந்து, பத்து என்று மற்றவர்களும் அடுக்கினார்கள். எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சங்கக் கூட்டத்தில் எலியைப் பற்றித்தான் பேசினோம்.

மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ் இருந்தார். கணவர் பஸ் கண்டக்டர். ஒரே பெண் பிள்ளை. அவர்களுக்கு ஊரில் நிலம் கிடையாது. பொங்கல் கழிந்த ஒரு மாலை, முன்படிக்கட்டில் என்னை நிறுத்தினார் நர்ஸ்.

"சார், பின்னாடி படிய விட்டுடுங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா இறங்க வழியில்ல."

"ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னம்மா? முன்னாடி இவ்ளோ பெரிய படி இருக்கே."

"நான் தீக்காய வார்டுல இருக்கேன் சார். தினம் பாக்குறேன்."

பின்னால் நின்ற கண்டக்டர் சிரித்தார். "விடு, விடு. சார் கோட்டை கட்டியிருக்காங்க. நம்மல்லாம் டிக்கெட் எடுத்தாத்தான் இறங்க முடியும்." பிறகு என்னைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார். இவ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு," என்றார்.

"மாசி முடியட்டும், எடுத்துடறேன்," என்றேன். எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நிலமில்லாதவர்களுக்கு நெல்லின் கவலை என்ன தெரியும் என்று மனைவியிடம் அன்று சொன்னதும் நினைவிருக்கிறது.

மாசி பிறந்து சில நாளில் ஊரிலிருந்து ஆள் வந்தது. சம்பா அறுத்துக் களத்தில் கிடக்கிறது, அளக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். உச்சிவெயில் வரை களத்தில் நின்று கத்தினேன். எட்டுக் கலம் நெல்லுக்காக, என் வயதில் பாதி இருந்த ஒருவனை நாக்கூசாமல் திட்டினேன். அவன் திருப்பித் திட்டவில்லை. "இவ்ளோ படிச்சிருக்கீங்க," என்று மட்டும் சொன்னான். நான் அங்கே கத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் இங்கே எரிந்துகொண்டிருந்தது.

முன்படிக்கட்டின் அடியில் மின்சார மீட்டர்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே தென்னை மட்டையும் விறகும் மண்ணெண்ணெய் டின்களும் போட்டு வைத்திருந்தோம், எல்லா வீட்டாரும். தீப்பொறி அங்கே விழுந்திருக்கிறது. படிக்கட்டு புகைபோக்கி மாதிரி இழுத்துக்கொண்டது. தரைத்தளத்துக்காரர்கள் வெளியே ஓடினார்கள். முதல் மாடியில் என் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் புடவைகளை முடிந்து பால்கனி வழியே இறங்கினார்கள். மேலே இருந்தவர்களுக்குப் பின்படிக்கட்டுதான். தரைத்தளத்தின் வழியே பின்பக்கம் வந்த சூட்டில் அங்கே கதவோர மூட்டைகள் கனன்று புகையத் தொடங்கியிருந்தன.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நெருப்பு அணைந்திருந்தது. தண்ணீரும் கரியும் வாசல் முழுக்க ஓடின. பின்பக்கக் கதவு வளைந்து, பாதி திறந்து நின்றது. சாக்குகள் கருகி நெல் வெளியே கொட்டியிருந்தது. பொரிந்த நெல்லின் வாசனை. அந்த வாசனை நல்ல வாசனையாக இருந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்பக்கத்தில் ஆறு பேரைக் கிடத்தியிருந்தார்கள். நால்வர் இரண்டாம் மாடிக்காரர்கள். மற்ற இருவர் கண்டக்டரும் அவர் மகளும். இரவு டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர் அவர். பிள்ளைக்கு அம்மை போட்டிருந்ததால் பள்ளிக்கூடம் போகவில்லை. அவர்கள் மேல் பெரிய தீக்காயம் இல்லை. புகைதான். பிள்ளையின் முடியில் வேப்பிலை ஒட்டியிருந்தது.

வாட்ச்மேன் சற்றுத் தள்ளிக் குந்தியிருந்தார். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து தொங்கின. கடப்பாரையால் பூட்டை உடைத்தது அவர்தான் என்று சொன்னார்கள். பூட்டு உடைந்த பிறகும் கதவு உள்பக்கம் திறக்கவில்லை, மூட்டைகள் முட்டுக் கொடுத்திருந்தன. கம்பி கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து இழுத்திருக்கிறார்.

நர்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து சீருடையோடு வந்திருந்தார். அழவில்லை. மகளின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல விரலை வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

வேட்டிக்குள் அது என் இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது.

"வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுத்தானே ஊருக்குப் போனேன்," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் தானாகச் சொன்னது. ஆனால் அன்று மாலை புது ஆற்றுப் பாலத்தில் நின்று அரைஞாணை அவிழ்த்துச் சாவியைத் தண்ணீரில் போட்டதை யோசித்துத்தான் செய்தேன்.

விசாரணை ஓர் அரசு அலுவலக அறையில் நடந்தது. அதிகாரி என்னைப் பார்த்ததும், "உக்காருங்க சார்," என்று நாற்காலியைக் காட்டினார். வாட்ச்மேன் கைக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஐயாதான் பூட்டுவாங்க, ஐயாதான் தெறப்பாங்க. எங்கிட்ட சாவி இருந்ததே இல்லீங்க," என்றார்.

நர்ஸும் அதையே சொன்னார். மூட்டைகளை எடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டதையும் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான், "பாவம், அவங்க இருக்குற நிலைமையில..." என்று இழுத்தேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். துக்கத்தில் நர்ஸுக்கு நினைவு குழம்பியிருக்கிறது என்பதுபோல் ஒரு வரி அறிக்கையில் வந்தது. நெல் யாருடையது என்று கேட்டபோது குடியிருந்த வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரும்பாலோருக்கு அங்கே மூட்டை இருந்தது. வாட்ச்மேனுக்கு வேலை போயிற்று.

அன்று சாப்பாடு போடும்போது மனைவி கேட்டாள்.

"சாவி எங்க?"

"தொலஞ்சுபோச்சு."

"உங்களுக்கா?" என்றாள். அதன்பின் சாகும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பூட்டு உடைந்தும் கதவு திறக்கவில்லையே, ஆகவே சாவி இருந்திருந்தாலும் பயனில்லை. இதை வைத்துக்கொண்டு பல வருடம் தூங்கியிருக்கிறேன். கதவை அடைத்த மூட்டையும் என்னுடையதுதான் என்ற அடுத்த வரிக்கு மனம் போகவே போகாது.

மனைவியின் காரியங்கள் முடிந்த பிறகு, நடந்ததை எல்லாம் எழுதி, தட்டச்சு செய்து, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். ஒரு பிரதியை, அன்று விசாரணை நடந்த அலுவலகத்தில் கொடுத்தேன். அவ்வளவு பழைய கோப்பு இப்போது இருக்காது, எதோடு சேர்ப்பது என்று அங்கிருந்த இளைஞர் மரியாதையாகக் கேட்டார். இன்னொரு பிரதியோடு பட்டுக்கோட்டைக்குப் போனேன். ஓய்வுபெற்ற நர்ஸ் அங்கே, தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார்.

உள்ளே கூப்பிடவில்லை. நிலைப்படியில் நின்றே படித்தார். நோயாளியின் குறிப்பைப் படிப்பதுபோல, விரலை வரிவரியாக ஓட்டிக்கொண்டு.

"எட்டு வயசுன்னு போட்டிருக்கீங்க. ஒம்போது."

"மன்னிக்கணும்."

"அத மாத்துங்க." மறுபடி படித்தார். "இறந்துவிட்டார்கள்னு இருக்கு. எங்க செத்தாங்கன்னு இல்லையே. படிக்கட்டுலன்னு எழுதுங்க. உங்க மூட்டைக்கு மேல ஏறி வந்து, கதவுக்கு ரெண்டு படி முன்னாடின்னு எழுதுங்க."

கடைத்தெருவில் தட்டச்சுக் கடை தேடி மாற்றிக்கொண்டு வந்தேன். அதையும் கடைசிவரை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

"வாட்ச்மேன்கிட்ட போனீங்களா?"

"எங்க இருக்காருன்னு தெரியாது."

"தேடுனீங்களா?"

அவரே சொன்னார். வேதாரண்யத்தில் உப்பளத்தில் இருக்கிறார், வருடம் தவறாமல் அந்தத் தேதிக்கு இங்கே வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று.

"நான் சொன்னத பொய்யின்னு ஒரு தாள்ல எழுதுனாங்க. அதோட போச்சு. அவர அப்படியா விட்டாங்க? போய் படிச்சுக் காட்டுங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வேதாரண்யத்தில் இறங்கி உப்பளத்துப் பக்கம் விசாரித்தேன். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. தஞ்சாவூரில் வாட்ச்மேனாக இருந்தவர் என்றதும், "பூட்டுக்காரனா? பூட்டிட்டு ஓடுனவரு?" என்றான் சைக்கிளில் வந்த ஒருவன். எங்கள் ஊர்ப் பொய் அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்து, அவர் பெயராகவே ஆகியிருந்தது.

உப்பளத்தை ஒட்டிய டீக்கடையில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை. நான் தாளை எடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க. எனக்கு மட்டும் படிக்காதீங்க."

வேலை முடிந்து வந்தவர்களை உட்காரச் சொன்னார். வீட்டிலிருந்து மனைவியை வரவழைத்தார். பதினைந்து பேர் இருக்கும். நான் படித்தேன். நடுவில் நான் நிறுத்தியபோது யாரும் தண்ணீர் தரவில்லை, எழுந்து போகவும் இல்லை. முடித்ததும் ஒரு கிழவர், "அப்ப பூட்டுக்காரன் இந்த சாருதான்," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். வாட்ச்மேனின் மனைவி என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஊரில் மிச்சமிருந்த நிலத்தை அவர் பெயருக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன். "எனக்கு எதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எல்லோரும் கலைந்தபின், நாகப்பட்டினம் பஸ் வரும்வரை என்னோடு நின்றார். உள்ளங்கைகள் முழுதாக விரியாமல் மடங்கியே இருந்தன.

"ஒண்ணு கேக்கணும். நீங்க படிச்சவங்க," என்றார். "நான் வெளிய நின்னு இடிச்சுக்கிட்டே இருந்தேன். வந்துட்டேன், வந்துட்டேன்னு கத்துனேன். அது அந்தப் புள்ளைக்குக் கேட்டிருக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். பஸ் வந்துவிட்டது.

மறுநாள் நர்ஸுக்குத் தொலைபேசியில், படித்துக் காட்டிவிட்டேன் என்று சொன்னேன். "சரி," என்றார். வாட்ச்மேன் கேட்டதையும் சொன்னேன்.

"உங்ககிட்டயும் கேட்டாரா?" என்றார். "கேட்டிருக்கும்னு நான் வருஷா வருஷம் சொல்றேன். நம்ப மாட்டேங்கறாரு."

வைத்துவிட்டார். அதன்பின் இருவரும் என்னோடு பேசவில்லை. அடுத்த மாசியில் அந்தத் தேதியன்று பட்டுக்கோட்டைக்குப் போகலாமா என்று பஸ் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அந்தச் சாப்பாட்டில் எனக்கு இடமில்லை.