நீர்நாய்க்கு நான் வாங்கிக் கொடுத்த தோல்

தப்பு செய்ய மதிய நேரம் ரொம்ப வசதி. வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான்காவது படிக்கும் மகள் வர்ஷா பள்ளிக்கூடத்தில். அவளுடைய வீடியோ கேமை நானே ஆன் செய்து உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஆடுவதைப் பெற்றோரும் ஆடிப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததைச் செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கதை இதுதான். ஒரு சிறுமி, நினைத்தால் நீர்நாயாக மாறிவிடுவாள். முதல் பாகத்தில் பத்து நொடிதான் அந்த உருவம் நிற்கும். இரண்டாம் பாகத்தில் அருவியையே எதிர்த்து நீந்துவாள். இப்போது மூன்றாம் பாகம். ஏரியில் முத்து சேர்த்தால் நீர்நாய்க்குப் புதுச் சக்தி ஒன்று வாங்கலாம் — அப்கிரேடு.

வர்ஷாவிடம் முத்து குவிந்து கிடந்தது. எதற்கு இப்படிச் சும்மா வைத்திருக்கிறாள்?

விலாங்கு மீன்கள் அந்த நீர்நாயைக் கடித்துக்கொண்டே இருந்தன. எனக்கே வலித்தது. பட்டியலில் 'தடித்த தோல்' என்று இருந்ததைச் சட்டென்று வாங்கிவிட்டேன். முத்து அத்தனையும் காலி. பெருமையாகக்கூட இருந்தது… ஞாயிற்றுக்கிழமை வரை.

ஞாயிறு மட்டும், அரை மணி நேரம் — இது நான் போட்ட ரூல். வர்ஷா ஆன் செய்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாக்கம்மா? நின்ன யாரு கேளித்ரு?"

கோபம் வந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பழகிய கன்னடம்தான் வரும். ஏன்மா, உன்னை யார் கேட்டது என்கிறாள். நியாயம்தானே? யாருமே கேட்கவில்லை.

ஏரிக்கு அடியில் ஒரு கதவு இருக்கிறதாம். அதைத் தொடுவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறதாம். 'நீண்ட மூச்சு' வாங்க ஐந்து ஞாயிறாகச் சேர்த்தாளாம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் அங்கே வழியில்லை.

"அதுக்குக் கடி படக்கூடாதுன்னுதான் கண்ணு…"

"கடிச்சா கடிக்கட்டுமே! அதுக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குத்தான் ஆகும்."

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். இருபது நிமிடம் பாக்கி இருக்கும்போதே கேமை அணைத்துவிட்டு எழுந்து போனாள். அதுதான் சுட்டது.

என் கணவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "தொலைச்சது நீ. நீயே தேடிக் குடு."

தேடினேன். தினமும் ஹோம்வொர்க் முடிந்ததும் அரை மணி. என் ரூல் என் கையாலேயே உடைந்தது. மகள் வேறு ஒரு ரூல் போட்டாள்: "நான் பக்கத்துல இல்லாம தொட பேடா." தொடக் கூடாதாம்.

யோசித்துப் பார்த்தால், பாதுகாப்பு என்றதும் நம் கை தானாக நீள்கிறது. சாமுண்டி மலைப் படி ஏறுவதற்குக்கூட நான் மருந்துப் பெட்டி எடுத்துப் போகிறவள். எங்கே போக ஆசை என்று கேட்கத்தான் தோன்றுவதில்லை.

இந்த வியாழக்கிழமை முத்து சேர்ந்துவிட்டது. பட்டியல் திறந்தது. 'நீண்ட மூச்சு' மின்னியது. பேசாமல் அழுத்தியிருக்கலாம். நானா பேசாமல் இருப்பேன்?

"அவ்ளோ ஆழத்துல மூச்சு தீர்ந்துட்டா?"

"தீர்ந்தா மேல வந்துடுவேன்மா. அவ்ளோதான்."

பட்டனை அவளே அழுத்தினாள். கன்ட்ரோலரிலிருந்து நான் கையை எடுக்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது.