பட்டப்பகலில் வெட்டிய பால்மரம்

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்பது வருடம் அடுத்தவர் பெயரில் தொலைக்காட்சி நாடகம் எழுதினேன். நான் எழுதுவேன், 'கதை வசனம்' என்று தயாரிப்பாளரின் பெயர் ஓடும். பத்தாவது வருடம்தான், போனால் போகிறதென்று, என் பெயரைப் போடச் சம்மதித்தார். கோலசிலாங்கூர் ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்த, என் அம்மாவின் கதை அது.

முதல் காட்சியை அம்மா சொன்னபடியே எழுதியிருந்தேன். இன்னும் விடியவில்லை. பெரட்டில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் தன் மரங்களை நோக்கி நடக்கிறாள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். தோட்டத்தில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

புக்கிட் பெருந்துங் தாண்டி மிச்சமிருந்த ஒரு ரப்பர்க் காட்டில் படப்பிடிப்பு. ஆட்கள் வந்து சேரவே பத்து மணி ஆனது. கேமராவை நிறுத்தும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. கதாநாயகி புதுச்சேலையில், விளக்கும் இல்லாமல், வெங்காயம் நறுக்குவதுபோல் கத்தியைப் பிடித்திருந்தாள். பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் யாரோ பாக்கெட் பாலை ஊற்றினார்கள்.

"பாஸ், விடியறதுக்கு முன்னாடி வெட்டணும் இத," என்றேன் தயாரிப்பாளரிடம்.

"அந்நேரத்துக்கு எவன் வருவான்? வெளிச்சம் நல்லாருக்குலா. யாருக்கும்மா தெரியப் போவுது?"

எனக்குத் தெரியுமே! அங்கேயே கத்தியிருக்க வேண்டாமா? வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல் நின்றேன். எதிர்த்துப் பேசினால் பெயரை எடுத்துவிடுவாரோ என்ற பயம். அவரைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

ஒளிபரப்பான ஞாயிறு மாலை, எங்கள் புஞ்சாக் ஆலாம் வீட்டில் அம்மா கூட்டம் கூட்டிவிட்டார். அவரோடு ஒரே பெரட்டில் நின்ற ஐந்து பெண்கள். மகள் பெயர் டிவியில் வரப்போகிறது என்று காலையிலிருந்து கறிபாப் பொரித்திருந்தார்.

நாடகம் தொடங்கியது. உச்சிவெயிலில் கதாநாயகி மரத்தைக் கீறினாள்.

"அடியே, மத்தியானத்துல வெட்டறா பாரு!" என்றார் ஒரு அத்தை. "நம்ம மண்டோரு இருந்தா வெரட்டியே விட்டிருப்பான்!"

"எழுதுன ஆளு மரத்தையே பாத்ததில்ல போல," என்றார் இன்னொருவர்.

ஐவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கறிபாப் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை திரையையே பார்த்திருந்தார்.

முடிவில் என் பெயர் வந்தது, கொட்டை எழுத்தில். சிரிப்பு சட்டென்று நின்றது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

"பேரு ஒண்ணுதான்," என்றார் அம்மா. "இது வேற புள்ள. எம்மவ எழுதுனது அடுத்த வாரம் வருது. எப்ப வெட்டுவாங்கன்னு எம்மவளுக்குத் தெரியாதா?"

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா அத்த," என்றேன். "அது வேற ஆளு."