மேட்டுக்குக் கீழே நட்ட குருசு

மாம்புரியிலிருந்து பருவத்துக்குப் பருவம் மீன்பிடிக்க அந்தத் தீவுக்குப் போவோம். ஓலையால் வாடி போட்டுக் குடும்பமாகத் தங்குவோம். தீவு முழுக்கத் தட்டை. நடுவில் ஒரு மேடு மட்டும் நிமிர்ந்து நிற்கும். வள்ளம் கரை தட்டியதும் அதன் உச்சியில் குழி தோண்டி மரக்குருசு நடுவோம். குருசு நிற்காமல் முதல் வலை கடலில் விழாது.

போன பருவத்தில் போய் இறங்கினால் மேட்டைச் சுற்றி அரசாங்கம் நட்ட எல்லைக்கல். காவலுக்கு வண்ணாத்திவில்லு ஊர்க்காரர் ஒருவர் இருந்தார்.

"ஆதிகால மனுசர் கையால குவிச்ச மேடு அம்மா. தோண்ட ஏலாது."

"குருசு நடத்தானே கேக்குறோம், கிணறு வெட்டவா?" என்றாள் என் மச்சாள்.

"ஒரு முழம் தோண்டினாலும் தோண்டினதுதான். வந்து பாருங்க."

மழை அரித்த பக்கத்தைக் காட்டினார். வெளியாட்களோடு எனக்குக் கதைக்க வராது. மச்சாளின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சிப்பி, அதன்மேல் மண், சாம்பல், திரும்பவும் சிப்பி. சாம்பலுக்குள் மீன்முள். என் அடுப்படியில் கிடக்கும் அதே முள். அங்கே தோண்ட எனக்கும் மனம் வரவில்லை.

கரையில் ஆண்கள் வலையைத் தொடாமல் குந்தியிருந்தார்கள். "குருசு இல்லாம நான் இறங்கமாட்டன்," என்றார் என் வீட்டுக்காரர்.

மச்சாளின் காதுக்குள் சொன்னேன்: "கல்லுக்கு வெளியே நாங்களும் ஒரு மேடு போடுவோமே."

"இவ வாயத் திறந்திட்டா, இன்டைக்கி மழைதான்," என்று சொல்லி, நான் சொன்னதை எல்லோருக்கும் கேட்கக் கத்திவிட்டாள்.

பெண்கள் கூடையில் மணல் சுமந்தோம். கொட்டக் கொட்டச் சரிந்தது. மணலுக்கு இடையிடையே சிப்பி பரப்பிப் பார்த்தேன்; நின்றது. மத்தியானம் வரை சுமந்தும் முழங்கால் உயரம்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெரிய மேட்டை அண்ணாந்து பார்த்தேன். எத்தனை பேருடைய இடுப்பு நொந்திருக்கும். ஒரு காற்றுக்கும் சரியாமல் அடுக்கியிருக்கிறார்கள்.

"அந்த ஆக்களுக்கு வேற வேலையில்லையோ?" என்றாள் மச்சாள்.

"வேலை செய்யாமலா இவ்வளவு மீன் தின்டிருக்காங்க?" என்றேன். காவல்காரர் சிரித்தார். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

குருசை நட்டுச் செபம் சொன்னோம். வள்ளங்கள் போயின. மறுநாள் காலை மீனோடு திரும்பினார்கள்.

"கடல்ல இருந்து குருசு தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"கிட்ட வந்த பிறகுதான் தெரிஞ்சுது," என்றார் வீட்டுக்காரர். "அதுவரைக்கும் அந்தப் பெரிய மேட்டைப் பார்த்துத்தான் வந்தோம்."