பெரியப்பா எழுதிய சம்மதம்

குடும்பச் சங்கதியை எழுதி ஊர் சிரிக்க வைக்காதே என்கிறான் என் மகன். பேத்திகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்களாம். நிற்கட்டும். நான் எழுதத்தான் போகிறேன். செத்துப்போன பெரியப்பாவின் மானத்தைக் காப்பாற்ற இத்தனை பேர் ஓடி வருகிறீர்களே, அத்தைக்காக ஒருத்தராவது வந்தீர்களா?

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எடப்பாடியில் எங்கள் தறிக்கார வீட்டிலிருந்து குமாரபாளையத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஏழு வருஷம் கழித்து, பிள்ளை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார் மாமா. இரண்டாவதாக ஒரு பெண்ணும் பார்த்துவிட்டார். ஆனால் அந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். மூத்தவள் சம்மதம் என்று எழுதிக் கைநாட்டு வைத்துக் கொடுத்தால்தான் இளையவளுக்குத் தாலி.

எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரியப்பா ஒருவர்தான். என்னை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. எட்டு வயதுப் பெண் மூன்றாம் வகுப்புப் படித்தால் அது ஒரு படிப்பா? பெரியப்பா பேனாவை எடுத்தால் தெருவே வாயைப் பொத்திக்கொள்ளும். அத்தை அவர் எதிரில் உட்கார்ந்து, தனக்குச் சம்மதமில்லை என்று ஆரம்பித்து, ஏழு வருஷத்துக் கதையையும் கொட்டினாள். பெரியப்பா எழுதினார், படித்தும் காட்டினார். அவர் வாயால் படித்ததில் அத்தை சொன்னது அத்தனையும் இருந்தது. கைநாட்டு வைத்தாள்.

மறுநாள் காலை எங்கள் பாவுக்குக் கஞ்சி போடும் முறை. பாவடி என்று தெருவுக்கு நடுவே நீளமாக ஓர் இடம் உண்டு. நெய்வதற்கு முன் பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலையெல்லாம், அங்கே விரித்துக் கட்டிக் கஞ்சி தடவி, காய்வதற்குள் இழை இழையாகத் தேய்த்துவிட வேண்டும். கை ஓய்ந்தால் நூல் ஒட்டிக்கொள்ளும். முனைக் கயிற்றை விட்டால் பாவு மொத்தமும் மண்ணில் விழும், ஒரு மாதக் கூலி போச்சு. அன்று முனைக் கயிறு பெரியப்பா கையில். அப்பாவும் தெரு ஆண்களும் இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கஞ்சிச் சட்டியோடு நின்றாள்.

அத்தை என்னைக் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் ஆள் வந்து வாங்கிப் போகவிருந்த அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

“நான் அத்தனை பேசுனேன், அண்ணன் நாலே வரிதான் எழுதுனாரு. சத்தமாப் படி சாமி.”

படித்தேன். வாத்தியார் சொல்லிக்கொடுத்த ராகத்தோடு, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தேன். ‘என் கணவர் மறுமணம் செய்துகொள்வதில் எனக்குப் பரிபூரண சம்மதம். இது யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் மனமுவந்து எழுதியது.’

“ஏ புள்ளே, மூடுடி வாயை!” என்று பெரியப்பா கத்தினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. கயிற்றை விட்டால் பாவு போய்விடுமே! எதிர்வீட்டுப் பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏனுங்க மூத்தவரே, கயித்தை உட்டுப்போடாதீங்க. அம்மிணி, இன்னொருக்காப் படி கண்ணு, எனக்குக் காது கேக்காது!” நானும் இன்னொரு தடவை படித்தேன். யாரும் வந்து என்னை அடிக்க முடியாது என்பதே பெரிய சுகமாக இருந்தது.

பாவு காய்ந்த பிறகு கிடைத்தது, இரண்டு அறை. அதற்கென்ன, வாங்கிக்கொண்டேன். பெரியப்பா கெட்டவரும் இல்லை. மூத்தவள் என்ற பேரோடு புருஷன் வீட்டில் ஒரு மூலையில் கிடக்கட்டும், அதுதான் அவளுக்குக் கௌரவம் என்று மனதார நம்பியவர். நம்பியதற்காக அவள் வாயிலிருந்து வராததை வந்ததாக எழுதலாமா? அன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான், இன்றைக்கும் ஆத்திரம்தான்.

புதுக் கடிதத்தை நான்தான் எழுதினேன். அத்தை பேசியதைப் பேசியபடியே, என் நோட்டில் மூன்று தாள் கிழித்து எழுதினேன். அது போய்ச் சேர்ந்ததும் குமாரபாளையத்துப் பெரியவர்கள் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். நாலு மாதம் கழித்து மாமாவே வில்வண்டி கட்டிக்கொண்டு அத்தையைக் கூப்பிட வந்தார். நானும் கூடப் போவதாகத் தீர்மானம் செய்து, பாவாடையை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

அத்தை அவருக்குச் சோறு போட்டாள். வெற்றிலை வைத்தாள். “நான் வரலீங்க” என்றாள். அப்புறம் உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போகமாட்டேன்னா அன்னிக்கே சம்மதம்னு உட்டிருக்கலாமில்ல அத்தை? நான் எதுக்கு அறை வாங்குனேன்?”

“அந்தாளு யாரைக் கட்டுனா எனக்கென்ன சாமி? நான் இல்லைன்னு சொன்னேன். அதை ஆமான்னு எழுதறதுக்கு அவங்க ஆரு?”

இதென்ன பதில் என்று நினைத்தேன். அத்தைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டி, வில்வண்டி போய்விட்டதே என்று பாவாடையைத் தரையில் வீசிவிட்டு, பொழுது சாய்கிறவரை அழுதேன்.