மொட்டை மாடியிலிருந்து ஒரு 'வருதா?'

போன வாரம் எங்கள் தெரு வழியே போன சோளத்தட்டை லோடு லாரி, பாதித் தட்டையை எங்கள் வீட்டு மாடியிலிருக்கும் டிவி டிஷ்ஷில் மாட்டிவிட்டுப் போய்விட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் டிஷ்ஷுக்குத் தாடி முளைத்த மாதிரியே இருந்தது. தெருவே சிரித்தது.

மறுநாள் பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"ரோட்டு மேல எதுவும் நீட்டக் கூடாதும்மா. ரூல்ஸு. இன்னைக்குத் தட்டை மாட்டுச்சு. நாளைக்கு லோடு மேல உக்காந்து வாரவன் தல மாட்டுனா?"

நியாயம்தானே? ஆனால் அம்மா வாசலை மறித்து நின்றுவிட்டாள்.

"எம்மவன் மாட்டுனது. யாரும் தொடப்படாது."

அண்ணன் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. வேப்பமரம் மறைக்கிறது என்று தெருப் பக்கம் கம்பியை நீட்டி டிஷ்ஷை மாட்டியவன் அவன்தான். காற்றடித்து அது திரும்பிவிட்டால் மாடியேறி, "வருதா?" என்று கத்துவான். அம்மா கீழே டிவி முன்னால் நின்று, "வரல... வரல..." என்பாள். படம் வந்ததும்? பதில் சொல்ல மறந்து, உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிடுவாள்! அவன் வெயிலில் வெந்துகொண்டே கத்துவான்... "ஏம்மா, வருதா இல்லையா?"

அவன் போன பிறகு டிவியை நாங்கள் போடவே இல்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் வந்தவர் மாடியின் மறு மூலையை அண்ணாந்து பார்த்தார்.

"தூக்கிப் போடச் சொல்லலம்மா. மாடியிலயே அந்த மூலைக்கு மாத்துவோம், அங்க மரம் மறைக்காது. நானும் கூட ஏறுறேன். கீழ ஒரு ஆளு டிவியப் பாத்துச் சொல்லணும்ல?"

அம்மா ரொம்ப நேரம் டிஷ்ஷையே பார்த்தாள். பிறகு என்னிடம், "நீ மேல போ" என்றாள்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள, நான் திருப்பினேன். கத்த வேண்டுமே... அது அண்ணனுடைய வார்த்தை. டிஷ்ஷையே திருப்பிக்கொண்டிருந்தேன். அவர்தான் சொன்னார்:

"கத்து பாப்பா. படம் தானா மேல ஏறி வந்து சொல்லாது."

"வருதா?"

"வரல..."

"வருதா?"

"கட்டம் கட்டமாத் தெரியுது..."

இன்னும் ஒரு இழை திருப்பினேன்.

"இப்ப வருதா?"

சத்தமே இல்லை. மறுபடியும் கத்தினேன். இல்லை! அவர் பயந்துவிட்டார். "என்ன பாப்பா, அம்மாவுக்கு எதுவும்..."

எனக்குப் புரிந்துவிட்டது. சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் எதிர்வீட்டு பாத்திமாக்கா எங்கள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுக் கூவினார்:

"அது எப்பவோ வந்துருச்சுடி! உங்கம்மா சம்மணம் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்காக!"

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் கத்துகிற மாதிரியே கத்தினேன்.

"ஏம்மா! வருதா இல்லையா?"

கீழே அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டு எத்தனை மாசமாச்சு! பாத்திமாக்கா சிரிக்க, நான் சிரிக்க... சிரிக்காமல் வந்தவரும் சிரித்துவிட்டார்.

டிஷ் இப்போது ரூல்ஸ்படி சுவருக்கு உள்ளே இருக்கிறது. எங்கள் சிரிப்புதான் ரோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு போனது — அதை அவர் கண்டுகொள்ளவில்லை.